தூண்டில் விளக்குக்குச் சொந்தமாக பேட்டரிப் பெட்டி: இந்த வயரிங் சரியா?

#1 கடல்காற்று

அனைவருக்கும் வணக்கம். சிங்கப்பூரின் பிடோக் படகுத்துறையில் சனிக்கிழமை இரவுகளில் தூண்டில் போடுகிறவன் நான். அங்கிருக்கும் வெளிச்சம் முள் கட்டவும் இரை கோர்க்கவும் போதவில்லை. கடையில் கிடைக்கும் கையடக்க விளக்குகளிலோ சார்ஜ் ஏற்றும் துளை உப்புக்காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடுகிறது. அதனால் நானே ஒரு பேட்டரிப் பெட்டி செய்து, விளக்கையும் கைப்பேசியையும் அதிலிருந்து ஓட்டலாம் என்று இருக்கிறேன்.

கையில் ஒரு சுற்றுப்படம் கிடைத்தது. வெளிநாட்டவர் ஒருவர் மின்சிகரெட்டுக்காக வரைந்தது. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. அமைப்பு எளிமையாக இருந்ததால் எடுத்துக்கொண்டேன். 18650 எனப்படும் உருளை வடிவ லித்தியம் மின்கலங்கள் இரண்டு தொடர் இணைப்பில், அதன் பிறகு முராட்டா ஓகேஆர்-டி/10 சீராக்கிப் பலகை, மின்னழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ், ஒரு ஸ்விட்ச், எல்லாவற்றையும் மூட ஓர் அலுமினியப் பெட்டி. நான் ஓட்ட நினைப்பது 12 வோல்ட், 10 வாட் எல்இடி விளக்கு. இரவு முழுவதும் எரிய வேண்டும்.

பலகை மின்னழுத்தத்தைச் சீராக வைத்திருப்பதால் மின்கலத்துக்கும் அதுவே பாதுகாப்பு என்று படத்தின் கீழே எழுதியிருக்கிறார்கள். பொருள்களை வாங்கிவிடலாமா?

#2 இரவுத்தூண்டில்

நல்ல பவர் பேங்க் ஒன்றும் 5 வோல்ட் விளக்கு ஒன்றும் வாங்கினால் வேலை முடிந்தது. இதற்கு எதற்கு இத்தனை பாடு?

#3 கடல்காற்று

பவர் பேங்க் வைத்திருந்தேன் அண்ணா. விளக்கைக் குறைந்த ஒளியில் வைத்தால் மின்னோட்டம் போதவில்லை என்று அது தானாகவே அணைந்துவிடுகிறது. உள்ளே ஒரு மின்கலம் கெட்டால் முழுவதையும் தூக்கிப் போட வேண்டியதுதான். திறந்து பழுது பார்க்கக்கூடிய பெட்டி ஒன்று வேண்டும் என்பதுதான் என் ஆசை.

#4 கப்பல்பட்டறை

தம்பி, ஆசை நியாயமானது. ஆனால் அந்தப் படத்தின் கீழே எழுதியிருக்கும் வாக்கியம் தவறு. அதை நம்பி ஒரு வயரைக்கூட வெட்டாதீர்கள். சீராக்கிப் பலகை பாதுகாப்பது விளக்கை, மின்கலத்தை அல்ல.

சீராக்காத சுற்றில் மின்கலம் இறங்க இறங்க விளக்கு மங்கும், இழுக்கும் மின்னோட்டமும் குறையும். சீராக்கிய சுற்றில் நடப்பது இதற்கு நேர்மாறு. வெளியே கொடுக்கும் வாட் குறையக் கூடாது என்பதற்காகப் பலகை உள்ளிருந்து கூடுதலாக இழுத்துக்கொண்டே போகும். மின்கலம் தளர்ந்துபோகும் கடைசிக் கட்டத்தில்தான் அதன் மீது சுமை உச்சத்துக்கு ஏறுகிறது. விளக்கோ கடைசிவரை ஒரே பிரகாசத்தில் எரியும். உள்ளே என்ன நடக்கிறது என்பதற்கு வெளியே எந்த அடையாளமும் தெரியாது.

இன்னொன்று. அந்தப் பலகை 4.5 வோல்ட் முதல் 14 வோல்ட் வரை உள்வாங்கும். இரண்டு மின்கலங்கள் தொடராக இருந்தால் 4.5 என்பது ஒன்றுக்கு 2.25 வோல்ட். பெரும்பாலான 18650 மின்கலங்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் கீழ் எல்லையே 2.5 வோல்ட்தான், நீண்ட நாள் உழைக்க வேண்டுமானால் 3 வோல்ட்டிலேயே நிறுத்துவது நல்லது. அதுவும் இரண்டும் சமமாக இறங்கும் என்ற நம்பிக்கையில் சொல்லும் கணக்கு. ஒன்று 2.9 வோல்ட்டிலும் மற்றது 1.6 வோல்ட்டிலும் இருந்தாலும் கூட்டினால் 4.5 தான். பலகைக்கு வித்தியாசம் தெரியாது, ஓடிக்கொண்டே இருக்கும். அவ்வளவு ஆழமாக இறங்கிய மின்கலத்துக்குள் செம்புத் தகடு கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக வழி செய்யும். தீ வருவது அப்போதுதான். படகுத்துறையில் அல்ல, வீட்டில், சார்ஜ் ஏறும் நேரத்தில்.

ஆகவே முதலில் ஃபியூஸ். அடுத்து ஒவ்வொரு மின்கலத்தையும் தனித்தனியாகக் கவனித்து வெட்டும் பாதுகாப்புப் பலகை. மூன்றாவதாகத்தான் உங்கள் முராட்டா.

அப்புறம், ஓகேஆர்-டி/10 மின்னழுத்தத்தை இறக்கும் பலகை. அதிகபட்சம் 6 வோல்ட்தான் வெளியே தரும். 12 வோல்ட் விளக்கு அதில் எரியாது.

#5 மல்லிகைக்கொடி

ஐயா சொன்னதற்கு எண்களைச் சேர்க்கிறேன். நான் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள். மாணவர்கள் தடுக்கி விழும் இடமும் இதுதான்.

விளக்குக்கும் கைப்பேசிக்கும் சேர்த்து வெளியே 20 வாட் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பலகையின் திறன் 90 விழுக்காடு என்றால் உள்ளிருந்து 22.2 வாட் எடுக்கும். இரண்டு மின்கலங்களும் நிறைந்து 8.4 வோல்ட்டில் இருக்கும்போது அது 2.6 ஆம்பியர். 6 வோல்ட்டுக்கு இறங்கியதும் 3.7 ஆம்பியர். விளக்கின் வெளிச்சம் அதேதான். மின்கலத்தின் வேலை மட்டும் ஒன்றரை மடங்கை நெருங்குகிறது. ஃபியூஸும் வயரும் இந்த இரண்டாவது எண்ணுக்குத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்தப் படம் உங்கள் வேலைக்குப் பொருந்தாததற்கு இன்னும் பெரிய காரணம் இருக்கிறது. மின்சிகரெட் பெட்டி சில வினாடிகள் மட்டும் மிகப் பெரிய மின்னோட்டத்தை வாரி இறைக்கும் கருவி. அதனால் அவர்கள் 20 ஆம்பியர் தாங்கும் 2500 மில்லிஆம்பியர்-மணி மின்கலத்தைத் தேடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது மணிக்கணக்கில் சின்ன மின்னோட்டம். 3000 மில்லிஆம்பியர்-மணி மின்கலங்கள் இரண்டு சேர்ந்தால் 21.6 வாட்-மணி. 10 வாட் விளக்கு இரண்டு மணி நேரத்துக்குள் அதைத் தீர்த்துவிடும். அதற்குள் ஒரு கெளுத்திகூடச் சிக்காது.

#6 கடல்காற்று

நன்றி அக்கா, நன்றி ஐயா. 12 வோல்ட் விளக்கைக் கைவிட்டு 5 வோல்ட்டுக்கு மாறுகிறேன். அப்படியானால் எத்தனை மின்கலம், எந்த வகை?

#7 மல்லிகைக்கொடி

ஆறு. மூன்று மூன்றாகப் பக்க இணைப்பில் சேர்த்து, அந்த இரண்டு கட்டுகளையும் தொடராக இணையுங்கள். பானாசோனிக் என்சிஆர் 18650பி போன்ற 3400 மில்லிஆம்பியர்-மணி வகை போதும். அது பெரிய மின்னோட்டத்துக்கு ஏற்றதல்ல. ஆனால் உங்களிடம் ஒரு மின்கலத்தின் மீது விழப்போவது 1.2 ஆம்பியர்தான். மொத்தம் 73 வாட்-மணிக்கு மேல் வரும். விளக்கு மட்டும் என்றால் ஆறரை மணி நேரம். ஒளியைப் பாதியாகக் குறைத்தால் விடியும்வரை தாராளமாக ஓடும்.

வாங்கும்போது கவனம். உறை மேல் 9900 என்று அச்சடித்திருந்தால் அந்தக் கடையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். இந்த அளவு உருளைக்குள் அவ்வளவு அடைக்க முடியாது. நல்ல மின்கலங்கள் 3500ஐ ஒட்டியே நிற்கின்றன. நிறுத்துப் பாருங்கள். உண்மையானது 45 முதல் 48 கிராம் வரை இருக்கும். போலி பெரும்பாலும் கையிலேயே இலேசாகத் தெரியும்.

வந்ததும் நேர்முனைப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் மேடான பொத்தான், அதைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம், அதன் மேல் பிளாஸ்டிக் உறையின் மடிப்பு. உருளையின் பக்கச் சுவர் முழுவதும் எதிர்முனை. அது மேலே வந்து பொத்தானுக்கு ஓரிரு மில்லிமீட்டர் தள்ளி முடிகிறது. இரண்டுக்கும் நடுவே இருப்பது அந்த வளையமும் உறையும் மட்டுமே. உறை கீறியிருந்தாலோ வளையம் நகர்ந்திருந்தாலோ, உரசும் ஓர் உலோக விளிம்பே ஷார்ட் ஆக்கப் போதும். புதிய வளையமும் உறையும் சில காசுதான். மாற்றாமல் பெட்டிக்குள் வைக்காதீர்கள்.

#8 புதியவன்_ஜூரோங்

ஒரு சந்தேகம். ஆறு மின்கலத்துக்குப் பதில் இரண்டு, குமிழ் அப்படியே, வெளியே வேறு கனெக்டர். இப்படிச் செய்தால் அது அந்த வெளிநாட்டவர் செய்த பெட்டியேதானே? கடையில் வாங்கினால்தான் குற்றம் என்றும், சொந்தமாகச் செய்தால் யாரும் கேட்க முடியாது என்றும் என் நண்பர்கள் சொல்கிறார்கள். உண்மையா?

#9 நெறியாளர்

உண்மை அல்ல. சிங்கப்பூரில் 2018 பிப்ரவரி 1 முதல் மின்சிகரெட்டை வைத்திருப்பதும் வாங்குவதும் பயன்படுத்துவதும் குற்றம். இறக்குமதியும் விற்பனையும் அதற்கு முன்பே தடை செய்யப்பட்டவை. கருவி எங்கிருந்து வந்தது, யார் செய்தது என்பதைப் பொறுத்து அது மாறுவதில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் தண்டனையும் கூடிவிட்டது: முதல் முறை பிடிபடும் பெரியவருக்கு 700 வெள்ளி, 18 வயதுக்குட்பட்டவருக்கு 500 வெள்ளி அபராதம். அதே நாளிலிருந்து எட்டோமிடேட் என்ற மயக்க மருந்து ‘சி’ பிரிவு போதைப்பொருள் பட்டியலில் தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டது. அது கலந்த குப்பியுடன் பிடிபட்டால் இன்னும் கடுமையான சட்டம் பாயும்.

இந்த இழையில் பேட்டரிப் பெட்டி பற்றித் தாராளமாகப் பேசலாம். மின்சிகரெட் கருவியை எப்படிச் செய்வது என்பதற்கு இங்கே இடமில்லை. இந்தக் கேள்வியை நீக்காமல் விடுகிறேன்; இதே எண்ணத்துடன் படிக்கும் வேறு யாருக்கும் பதில் தெரிய வேண்டும்.

#10 கப்பல்பட்டறை

புதியவன் தம்பி, கேட்டது நல்லது. கேட்காமல் செய்பவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு வயரிங்கை மட்டும் பார்ப்போம். அந்தப் பலகையின் உச்ச வரம்பு 50 வாட். மின்சிகரெட்டுக்குள் சூடேறும் அரை ஓம் கம்பிச் சுருளுக்கு 5 வோல்ட் கொடுத்தால் 10 ஆம்பியர், 50 வாட். வரம்பில் கொண்டுபோய் நிறுத்தியாயிற்று. மின்கலப் பக்கம் 55 வாட்டுக்கு மேல். இரண்டு மின்கலங்கள் 6.4 வோல்ட்டுக்கு இறங்கிய நேரத்தில் அது 8.7 ஆம்பியர். சுருள் சற்றுச் சுருங்கி ஒன்றையொன்று தொட்டாலோ, கனெக்டரின் நடுமுனை அமுங்கினாலோ ஷார்ட். ஃபியூஸ் இல்லாத ஓர் உலோகப் பெட்டி, அதைப் பிடித்திருக்கும் கை, கைக்குப் பக்கத்தில் முகம். 2018இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மின்சிகரெட் வெடித்து ஒருவர் உயிரிழந்தார். விளக்குப் பெட்டி காலடியில் இருக்கிறது. ஏதாவது ஆனால் விலகி ஓடலாம். வாயில் வைத்திருப்பதை விட்டு எங்கே ஓடுவது?

புகைக்கிற பழக்கம் உங்களுக்கே இருந்தால் அதை விடுவதற்கு இங்கே உதவி இருக்கிறது. அதைக் கேட்பதில் குறைச்சல் ஒன்றும் இல்லை.

#11 புதியவன்_ஜூரோங்

புரிகிறது ஐயா. கருவி என்னிடம் இல்லை, நண்பனிடம் இருக்கிறது. குப்பையில் போட்டுவிடுகிறேன் என்கிறான்.

#12 நெறியாளர்

குப்பையில் வேண்டாம். உள்ளே லித்தியம் மின்கலம் இருக்கிறது. குப்பை லாரிக்குள் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்சிகரெட்டைப் போடுவதற்கென்றே சமூக மன்றங்களில் தொட்டிகள் வைத்திருக்கிறார்கள். தாமாக முன்வந்து அதில் போடுபவர் மீது நடவடிக்கை எடுப்பதில்லை என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. இன்றைக்கே போகச் சொல்லுங்கள்.

மற்றவர்கள் விளக்குக்குத் திரும்பலாம்.

#13 இரவுத்தூண்டில்

ஆறு மின்கலம் என்றதும் எனக்கும் ஆசை வந்துவிட்டது. நான் சொல்வது இதுதான்: பற்றவைக்க வேண்டாம். ஸ்பிரிங் வைத்த தாங்கிகள் கிடைக்கின்றன, அதில் செருகிவிடுங்கள். ஒன்று கெட்டால் அதை மட்டும் மாற்றலாம், சார்ஜ் ஏற்றுவதற்கும் தனியாக எடுக்கலாம். திறந்து பழுது பார்க்க வேண்டும் என்று கடல்காற்று சொன்னதற்கு அதுதான் பொருத்தம்.

#14 மல்லிகைக்கொடி

இரண்டு மின்கலங்கள் என்றால் உங்களோடு ஒத்துப்போவேன். ஆறுக்கு மாட்டேன்.

மூன்று மின்கலங்கள் பக்க இணைப்பில் இருக்கும் தாங்கியில், இருட்டில், ஈரக் கையோடு ஒன்றைத் தலைகீழாகச் செருகினால் மற்ற இரண்டும் சேர்ந்து அதற்குள் பாயும். அந்த மின்னோட்டம் மூன்றுக்கும் உள்ளேயே சுற்றுகிறது. வெளியே நீங்கள் வைத்த ஃபியூஸ் வழியாக அது போவதே இல்லை. சரியாகச் செருகினாலும் ஒன்று 4.2 வோல்ட்டிலும் மற்றது 3.5 வோல்ட்டிலும் இருந்தால் இதே கதையின் சிறிய வடிவம் நடக்கும். மூன்று வருடம் கழித்து மாற்றப்போகும் ஒரு மின்கலத்துக்காக ஒவ்வொரு வாரமும் இந்த ஆபத்தை ஏன் வாங்க வேண்டும்?

நிக்கல் பட்டை வைத்து ஸ்பாட் வெல்டிங் செய்த கட்டுதான் சரி. சால்டர் கம்பியை நேராக மின்கலத்தின் மீது வைக்காதீர்கள். அந்தச் சூடு உள்ளே இருக்கும் பிரிப்பானைக் கெடுக்கும். வெல்டிங் இயந்திரம் இல்லாவிட்டால் மின்கலத்தைக் கடையிலேயே கட்டித் தரச் சொல்லுங்கள். கட்டுவதற்கு முன் ஆறும் ஒரே மின்னழுத்தத்தில் இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். பழையதும் புதியதும் கலக்கவே கூடாது.

#15 இரவுத்தூண்டில்

தலைகீழாகச் செருகும் கணக்கு எனக்குத் தோன்றவில்லை. ஏற்றுக்கொள்கிறேன்.

ஆனால் அலுமினியப் பெட்டியை மாற்றச் சொல்லி யாரும் இன்னும் பேசவில்லை. கடற்கரையில் அலுமினியம் பொடிப்பொடியாக வெளுத்துப்போகும். பாலிகார்பனேட்டில் ரப்பர் விளிம்பு வைத்த, நீர் புகாத பெட்டி வாங்குங்கள். மூடியை இறுக்கி எல்லாத் துளைகளையும் சிலிக்கோன் வைத்து அடைத்துவிட்டால் அலை அடித்தாலும் கவலை இல்லை.

#16 கப்பல்பட்டறை

பாலிகார்பனேட், சரி. உலோகப் பெட்டியில் எதிர்முனை எங்காவது உடம்பில் தொட்டுவிட்டால் பாதுகாப்புப் பலகையைத் தாண்டி ஒரு குறுக்கு வழி உண்டாகிவிடும்; அந்தத் தலைவலியும் தீரும். ஆனால் எல்லாத் துளைகளையும் அடைக்கச் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

மின்கலம் சூடேறிக் கெடும்போது முதலில் வாயுவைக் கக்கும். நேர்முனைப் பொத்தானின் கீழே அதற்கென்றே திறக்கும் அடைப்பு இருக்கிறது. அந்த வாயுவுக்குப் பெட்டியிலிருந்து வெளியே போக வழி இல்லையென்றால் நீங்கள் செய்து வைத்திருப்பது விளக்குப் பெட்டி அல்ல, வெடிக்கக் காத்திருக்கும் கலன். தண்ணீர் உள்ளே போனால் விளக்கு அணையும். வாயு வெளியேறாவிட்டால் ஆள் காயப்படுவார். இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெளிவு.

#17 இரவுத்தூண்டில்

கடல் தண்ணீர் உள்ளே போனால் விளக்கு அணைவதோடு நிற்காதே ஐயா. உப்பு நீர் மின்சாரத்தைக் கடத்தும், பலகையை அரிக்கும். ஒரு மாதம் கழித்து அதுவே ஷார்ட் ஆகும். துளை போடு என்பது அவ்வளவு எளிதான பதில் இல்லை.

#18 மல்லிகைக்கொடி

இருவர் சொல்வதும் நடக்கிற விஷயம். வழி இருக்கிறது. காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு வைத்த மூச்சுச் செருகிகள் விற்கிறார்கள். வெப்பத்தால் காற்று விரிந்து சுருங்கும்போது ரப்பர் விளிம்பு வழியாக ஈரம் உறிஞ்சப்படாமல் அது காக்கும். ஆனால் மின்கலம் கக்கும் வாயுவின் வேகத்துக்கு அந்தச் சின்னச் சவ்வு ஈடுகொடுக்காது. அதற்குத் தனியாக, பெட்டியின் அடிப்பக்கத்தில் விரலளவு துளை போட்டு, வெறுமனே அழுத்திச் செருகிய ரப்பர் அடைப்பான் வையுங்கள். பசை கூடாது. உள்ளே அழுத்தம் ஏறினால் அது தெறித்து வெளியேறும். மற்ற நேரத்தில் தண்ணீரைத் தடுக்கும். பெட்டிக்குச் சின்னக் கால்கள் வைத்து அடிப்பக்கம் தரையில் ஒட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பலகைகள் மீது மின்னணுப் பலகைகளுக்கான வார்னிஷ் ஒரு பூச்சு அடித்துவிட்டால் ஈரம் புகுந்தாலும் உடனே அரிக்காது. கனெக்டர், ஸ்விட்ச் முனைகளில் மட்டும் பூசாதீர்கள்.

#19 கப்பல்பட்டறை

அழுத்திச் செருகிய அடைப்பான், நல்ல யோசனை அம்மா. இதை ஏற்கிறேன்.

வயரைப் பற்றி ஒரு வார்த்தை. என் தொழில் முழுவதும் உப்போடு மல்லுக்கட்டியே போனது. சாதாரணச் செம்பு வயரைக் கடற்கரையில் சில மாதம் வைத்துவிட்டு நுனியில் உறையைச் சீவிப் பாருங்கள். வெளியே தெரியும் பகுதி பச்சையாக இருக்கும். உறைக்குள்ளே இருக்கும் இழைகளும் கறுத்துப்போயிருக்கும். இழைகளுக்கு இடையே உப்பு நீர் ஏறிப் போவதால் வருவது அது. அந்தக் கறுப்பின் மீது சால்டர் பிடிக்காது, உருண்டு விழும். கறுப்பு தீரும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். சில வயரில் அது விரல் நீளம்கூடப் போகும். வெள்ளீயம் பூசிய இழைகள் உள்ள வயரை வாங்கினால் இந்தத் தொல்லை வெகுவாகக் குறையும். 18 கேஜ் தடிமன், சிலிக்கோன் உறை. இணைப்பு ஒவ்வொன்றின் மீதும் உள்ளே பசை தடவிய சுருங்கு குழாய் போடுங்கள். சூடு காட்டினால் பசை உருகி நுனியில் பிதுங்கும். பிதுங்கியது தெரிந்தால் அடைப்பு சரி.

சிம் லிம் டவர் கடைகளில் இவையெல்லாம் மீட்டர் கணக்கில் கிடைக்கும்.

#20 கடல்காற்று

இத்தனை நாள் எல்லாவற்றையும் படித்து மாற்றி வரைந்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பாட் வெல்டிங் செய்த ஆறு மின்கலக் கட்டு. நேர்முனையிலிருந்து ஒரு விரல்கடைத் தூரத்தில் கார்களில் போடும் 5 ஆம்பியர் தகட்டு ஃபியூஸ். அதன் பிறகு இரண்டு கட்டுகளையும் தனித்தனியாகக் கவனிக்கும் பாதுகாப்புப் பலகை. கட்டுகளின் நடுவிலிருந்து அதற்கு ஒரு மெல்லிய வயர். பிறகு பிரதான ஸ்விட்ச், முராட்டா பலகை, வெளியே நீர் புகாத மூடி வைத்த இரண்டு 5 வோல்ட் முனைகள். குமிழை 5 வோல்ட்டில் நிறுத்திவிடப் போகிறேன்.

#21 மல்லிகைக்கொடி

குமிழை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாறாத மின்தடை ஒன்றைப் போடுங்கள். மின்சிகரெட்காரர்களுக்கு மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். உங்களுக்கு ஒரே ஓர் அளவு போதும். பையில் குலுங்கிக் குமிழ் நகர்ந்தால் 6 வோல்ட் நேராகக் கைப்பேசிக்குப் போகும். அந்தப் பலகையின் கணக்கு எளிது: 1.182ஐ, வேண்டிய வோல்ட்டிலிருந்து 0.591 கழித்த எண்ணால் வகுத்தால் மின்தடை கிலோஓமில் வரும். சரியாக 5 வோல்ட்டுக்கு 268 ஓம். கடையில் கிடைக்கும் 270 ஓம் போட்டால் 4.97 வோல்ட். 1 விழுக்காடு துல்லிய வகையில் 261 ஓம் கிடைத்தால் 5.12 வோல்ட், வயரில் கொஞ்சம் குறைந்தாலும் கைப்பேசிக்குச் சரியாகப் போய்ச் சேரும். நான் 261ஐத்தான் போடுவேன்.

பாதுகாப்புப் பலகையில் எதிர்முனை இரண்டு இருக்கும். ஒன்று மின்கலத்துக்கு, மற்றது வெளிச்சுமைக்கு. சுமையின் கறுப்பு வயரை மின்கலப் பக்க முனையில் தவறிச் சேர்த்தால் எல்லாம் வழக்கம்போல் வேலை செய்யும், பாதுகாப்பு மட்டும் இருக்காது. வெட்ட வேண்டிய நேரத்தில் அது வெட்டாது. சேர்த்த பிறகு இரண்டு முறை பாருங்கள்.

#22 கப்பல்பட்டறை

படம் இப்போது சரியாக இருக்கிறது. ஃபியூஸ் 5 ஆம்பியர், உச்சச் சுமை 3.7, இடைவெளி போதும்.

ஸ்விட்சில் எழுதியிருக்கும் எண்ணைப் படியுங்கள். 250 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு எழுதியது நேர்மின்னோட்டத்துக்குப் பொருந்தாது. நேர்மின்னோட்டத்தில் பொறி அணையத் தாமதமாகும், முனைகள் கருகும். நேர்மின்னோட்ட அளவு தனியாக எழுதியிருக்கும் ஸ்விட்ச்தான் வேண்டும்.

மின்கலக் கட்டைக் கடைசியில் இணையுங்கள். அதற்கு முன் மின்னோட்ட வரம்பு வைக்கக்கூடிய மேசை மின்வழங்கியில் 7.4 வோல்ட், அரை ஆம்பியர் வரம்பு வைத்துச் சுற்றை ஓட்டிப் பாருங்கள். தவறு இருந்தால் மின்வழங்கி நின்றுவிடும், அவ்வளவே. மின்கலம் அப்படி நிற்காது. வேலை செய்யும்போது மோதிரம், கைச்சங்கிலி, கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள்.

#23 யீஷூன்_அம்மா

நான் மின்சாரம் தெரிந்தவள் இல்லை. என் மகனும் இப்படிப் பெட்டி செய்கிறான் என்பதால் படித்துவந்தேன். இதை வீட்டில் எங்கே வைத்துச் சார்ஜ் ஏற்றுவது? அவன் இரவில் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிறான்.

#24 கப்பல்பட்டறை

தூங்கும்போது வேண்டவே வேண்டாம் அம்மா. குடிமைத் தற்காப்புப் படையும் இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. விழித்திருக்கும் நேரத்தில், சமையலறைத் தளத்திலோ ஓடு பதித்த தரையிலோ வைத்து ஏற்றச் சொல்லுங்கள். மெத்தை, சோபா, திரைச்சீலை பக்கத்தில் இருக்கக் கூடாது. வாசற்கதவுக்குப் பக்கமும் கூடாது. தீப்பிடித்தால் வெளியேறும் வழியே அடைபட்டுவிடும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையிலும் வைக்கக் கூடாது, அது எல்லோருக்குமான வழி.

சார்ஜர் 8.4 வோல்ட்டில் தானாக நிற்கும் லித்தியம் சார்ஜராக இருக்க வேண்டும். ஏதோ ஓர் 9 வோல்ட் அடாப்டரை மாட்டிவிடக் கூடாது. சுவரில் செருகும் அடாப்டரில் சிங்கப்பூரின் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஏறும்போது பெட்டி தொட முடியாத சூடானாலோ இனிப்பான வாடை வந்தாலோ சுவர் ஸ்விட்சை அணைத்துவிட வேண்டும். புகை வந்துவிட்டால் எதையும் தொடாமல் எல்லோரும் வெளியேறி, கதவைச் சாத்தி, 995ஐ அழையுங்கள். மகனிடம் இந்த இழையைக் காட்டுங்கள். கேட்கட்டும், பதில் சொல்கிறோம்.

#25 கடல்காற்று

கட்டு வந்துவிட்டது. மேசை மின்வழங்கியில் 5.11 வோல்ட் காட்டியது. விளக்கும் கைப்பேசியும் சேர்ந்து ஒரு மணி நேரம் ஓடிய பிறகு முராட்டா பலகை கை வைக்கும் அளவு சூடு. மின்கலங்களில் சூடே தெரியவில்லை. வேண்டுமென்றே ஒரு கட்டின் மின்னழுத்தத்தைக் குறைத்துக் காட்டியபோது பாதுகாப்புப் பலகை மறுநொடியே வெட்டிவிட்டது. மற்றக் கட்டு நிறைந்திருந்தபோதும் வெட்டியது. ஐயா முதலில் சொன்ன 2.9, 1.6 கணக்கு இதில் நடக்காது.

ஒரு கேள்வி மட்டும் மிச்சம். பழைய மடிக்கணினியிலிருந்து உருவிய மின்கலங்கள் சில வீட்டில் கிடக்கின்றன. அவற்றை என்ன செய்வது? சேர்த்துக் கட்டலாமா?

#26 மல்லிகைக்கொடி

கட்டக் கூடாது. எத்தனை முறை சார்ஜ் ஏறி இறங்கியது என்று தெரியாத மின்கலத்தைப் புதியதோடு சேர்த்தால் பலவீனமானது முதலில் சாகும். இரண்டு முனைகளிலும் டேப் ஒட்டி, கடைத்தொகுதிகளிலும் சமூக மன்றங்களிலும் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் பேட்டரிக்கென்று இருக்கும் பக்கத்தில் போடுங்கள். 2021 ஜூலையிலிருந்து அந்தச் சேகரிப்பு தீவு முழுவதும் நடக்கிறது. வீங்கியதோ ஒழுகியதோ இருந்தால் தொட்டியில் போடாமல், சேகரிக்கும் நிறுவனத்திடம் கேட்டு ஒப்படையுங்கள். அதுவரை ஓர் உலோகப் பாத்திரத்தில் உலர்ந்த மணலில் புதைத்து, வீட்டுக்கு வெளியே நிழலில் வையுங்கள். ஆனால் நடைபாதையில் அல்ல.

#27 இரவுத்தூண்டில்

கடல்காற்று, வருகிற சனிக்கிழமை நானும் பிடோக்கில்தான். பெட்டியைக் கொண்டுவாருங்கள், அடைப்பான் வைத்த விதத்தைப் பார்க்க வேண்டும். கார் பின்பெட்டியில் மத்தியானமே வைத்துவிடாதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் 60 பாகை தாண்டும். கிளம்பும்போது கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.